பசை மேடத்தின் மூக்கு

கம்பெனியில் அவளுக்குப் பசை மேடம் என்று பெயர் வைத்தது கொள்முதல் பிரிவில் இருந்த ஒரு வாயாடி. தலைமுடிக்கான கிரீம், ஜெல், ஷாம்பு இதெல்லாம் தயாரித்து பார்லர்களுக்கு விற்கிற நடுத்தரக் கம்பெனி அது. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், எதைப் போட்டுக் கெட்டியாக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் மேசையில் எப்போதும் கண்ணாடிக் குவளைகளில் ஏதாவது கொழகொழவென்று நின்றுகொண்டிருக்கும். "மேடம் பசை உள்ள இடமாப் பாத்துத்தான் உக்காந்திருக்காங்க" என்று அவன் ஒருநாள் சம்பளத்தைக் குறிவைத்துச் சொன்னான். சம்பளம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணம் என்ற பேச்சு அவள் வாழ்க்கையில் சில தடவை வந்தது, வந்த வழியே போனது. அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் வீட்டில் தங்கை இருந்தாள். இரண்டு பேரும் வேலைக்குப் போய், ஒரே அடுக்குமாடியில், ஒரே வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினார்கள். சண்டை போட்டார்கள், பேசாமல் இருந்தார்கள், மறுநாள் காலையில் யார் முதலில் காப்பி போடுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள் என்று வைத்துக்கொண்டார்கள். அப்படி இருக்கும்போது தங்கைக்கு நாற்பதைத் தாண்டிய வயதில் ஒருவரைப் பிடித்துப்போனது. அவருக்கு வேலை வெளிநாட்டில்.

தங்கை போவதற்கு ரொம்பவே தயங்கினாள். பெட்டியை அடுக்குவாள், பிறகு எடுத்து வெளியே வைப்பாள்.

"நான் போயிட்டா நீ தனியா என்னக்கா பண்ணுவ?"

"என்ன பண்ணுவேன். ரெண்டு ரூமும் எனக்கே எனக்குன்னு காலை நீட்டிப் படுப்பேன். நீ முதல்ல பெட்டிய மூடு."

மூடி, ஏற்றி அனுப்பி வைத்தாள். திரும்பி வந்து வீட்டைக் கூட்டினாள். தங்கையின் கட்டிலில் ஒரு விரிப்பை மடித்துப் போட்டாள். அதன்பிறகு அந்தக் கட்டில், துவைத்த துணியைப் போட்டு வைக்கிற இடமாகிவிட்டது.

தங்கை போன சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. நாலு நாள் படுத்து எழுந்தாள். எழுந்த அன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கதவு வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பால் பொங்கி வழிந்து, சுண்டி, பாத்திரம் கரியாகி நிற்கிறது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. வாசனை மட்டும் வரவில்லை. சோப்பை எடுத்து முகர்ந்தாள். வெங்காயத்தை நறுக்கி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "வரலாம். வராமலும் போகலாம். சிலருக்கு மாசக் கணக்கு, சிலருக்கு வருஷக் கணக்கு. வரும்போது முதல்ல தப்புத் தப்பாவும் வரலாம்" என்றார். தினமும் எலுமிச்சை, கிராம்பு என்று எதையாவது முகர்ந்து பழகச் சொன்னார். கொஞ்ச காலம் செய்தாள். பிறகு ஊமையிடம் பேர் கேட்கிற மாதிரி இருந்ததால் விட்டுவிட்டாள்.

மூக்கு போனால் என்ன போகும் என்று, போகிற வரை யாருக்கும் தெரியாது. சாப்பாடு உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் என்று நாலோடு நின்றுவிட்டது. ரொட்டி நனைந்த அட்டையாகிவிட்டது. இவையெல்லாம்கூடப் பரவாயில்லை. தன் மேல் என்ன வாசனை வருகிறது என்று தெரியாததுதான் அவளை அரித்தது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை குளித்தாள். உடுத்திய துணியை மறுபடி தொடவே மாட்டாள். பேருந்தில் பக்கத்தில் ஆள் இருந்தால் இடம் கிடைத்தாலும் உட்காராமல் நின்றுகொண்டே போனாள். கம்பெனியில் மதியச் சாப்பாட்டை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லி மேசையிலேயே முடித்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேடத்துக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தங்கை வாரம் தவறாமல் கூப்பிடுவாள்.

"என்னக்கா சமைச்ச?"

"முட்டை பொரிச்சேன்."

"நல்லா இருந்துச்சா?"

"சூப்பரா இருந்துச்சு."

சொன்னால் தங்கை என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். நான் உன்னை விட்டு வந்ததால்தான் உனக்கு இப்படி ஆயிற்று என்று ஆரம்பிப்பாள். அழுவாள். டிக்கெட் விலை பார்ப்பாள். அதற்கு முட்டையே மேல்.

கம்பெனியில் சமாளிப்பது அவள் நினைத்ததைவிட எளிதாக இருந்தது. ஒரு பொருளின் வாசனையைப் பற்றி யாராவது கேட்டால், அவள் குவளையை மூக்கருகே கொண்டுபோய், கேட்டவர் முகத்தைப் பார்ப்பாள். முகம் மலர்ந்திருந்தால் "நல்லா இருக்கு". சுருங்கியிருந்தால் "இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும்". பார்வை, தொடுகை, மெஷின் காட்டுகிற எண்கள், இவற்றில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. மூக்கு இல்லாமலே ஒரு வருடத்தை ஓட்டிவிடலாம் போலத்தான் இருந்தது.

அப்போதுதான் அந்த கிரீம் வந்தது.

முடியை அயர்ன் வைத்து நேராக்குவதற்கு முன் தடவுகிற கிரீம். சூடு இருநூறு டிகிரி. அவ்வளவு சூட்டில் முடி பொசுங்காமல் இருக்க, அதன் மேல் ஒரு மெல்லிய படலம் வேண்டும். படலம் போட வேண்டிய எண்ணெய்களையும் மற்றவற்றையும் தாங்கிப் பிடிக்க, கிரீமைக் கெட்டியாக வைத்திருக்க ஒரு பொருள் வேண்டும். அதைத்தான் அவர்கள் திக்கனர் என்பார்கள். இதில் என்ன பெரிய சிரமம் என்று வெளியாட்களுக்குத் தோன்றும். விரலால் தேய்க்கும்போது இளக வேண்டும், விட்டால் வழியாமல் நிற்க வேண்டும். முடியில் பிசுபிசுக்கக் கூடாது. காய்ந்தபின் பொடுகு மாதிரி வெள்ளையாக உதிரக் கூடாது. அயர்ன் அதன் மேல் போகும்போது தடுக்கக் கூடாது, தகட்டில் ஒட்டக் கூடாது. வெயிலில் நிற்கிற லாரியிலும் நீர்த்துப்போகக் கூடாது. மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில்கூட இவ்வளவு நிபந்தனை போட மாட்டார்கள்.

முதலில் எல்லோரும் கை வைக்கிற கார்போமர் பொடியை எடுத்தாள். கண்ணாடி மாதிரி தெளிவான ஜெல் தரும். ஆனால் அது எதிர்மின்னேற்றம் கொண்டது. முடியை மென்மையாக்கப் போடுகிற பொருளோ நேர்மின்னேற்றம் கொண்டது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்துக்கொண்டு பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாகிவிடும். அது போயிற்று. அடுத்து சாந்தன் என்கிற பசை. அது சண்டை போடவில்லை, ஆனால் ஸ்பூனில் எடுத்தால் மூக்குச்சளி மாதிரி நூலாக இழுத்தது. காய்ந்தபின் முடி கம்பி கம்பியாக நின்றது. மெழுகுத்தன்மையுள்ள ஆல்கஹால்களைக் கூட்டிப் பார்த்தாள். தொட்டால் வெண்ணெய்தான். அயர்ன் பட்டதும் உருகிப் புகைந்தது, மெல்லிய முடியைத் தலையோடு படிய வைத்தது. செல்லுலோஸ் வகை ஒன்று இருந்தது. மின்னேற்றமே இல்லாதது, அதனால் யாரோடும் தகராறு இல்லை. ஆனால் அதில் செய்த கிரீம் கைக்கு உயிரில்லாமல் இருந்தது.

கடைசியில் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற பசை. கொஞ்சம் இரசாயன வேலை செய்து பொடியாக வருவது. அதில் கிரீம் அழகாக வந்தது. சீப்பு வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. முடிக்கற்றையைச் சீவ எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கிற மெஷின், எல்லாவற்றிலும் குறைந்த எண்ணைக் காட்டியது. சூடான பெட்டியில் வாரக்கணக்கில் வைத்தும் நீர்க்கவில்லை. அவள் அதையே பிடித்துக்கொண்டாள்.

ஆய்வகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. பெரிய கண்ணாடி, சுழல் நாற்காலி, அயர்ன், சீப்புகள். வெளியிலிருந்து பெண்களைக் கூப்பிட்டு, தலையின் ஒரு பாதிக்குப் பழைய கிரீம், மறுபாதிக்குப் புதியது போட்டுப் பார்க்கிற இடம். இந்த வேலைக்காக வருகிறவரை எல்லோரும் பார்லர் அக்கா என்பார்கள். இரண்டு தெரு தள்ளி சொந்தமாகச் சின்ன பார்லர் வைத்திருந்தார். பேசினால் நிறுத்த மாட்டார். ஆனால் முடியில் கை வைத்துவிட்டால் வாயை மூடிக்கொள்வார்.

அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது வங்கியில் வேலை செய்கிற ஒரு பெண். அக்கா புதிய கிரீமைத் தடவி, கற்றை கற்றையாகப் பிரித்து அயர்னை இழுத்தார். முடி பட்டாக இறங்கியது. பசை மேடம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலைந்து கற்றை போனபின் அக்கா கையை நிறுத்தினார்.

"வாசனை எப்படி மேடம் இருக்கு?"

அக்காவின் முகத்தில் எதுவும் இல்லை. பார்லர் வைத்திருப்பவர்களுக்கு வாடிக்கையாளர் முன் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். மேடம் நாற்காலியில் இருந்த பெண்ணின் முகத்தைக் கண்ணாடியில் தேடினாள். முடி மறைத்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"ஏதோ தீயுற மாதிரி இருக்கே" என்றாள் அந்தப் பெண் முடிக்குள்ளிருந்து. "அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரி."

"புது அயர்ன். அப்படித்தான் இருக்கும்" என்றாள் மேடம்.

அயர்ன் அக்கா தன் கடையிலிருந்து கொண்டுவந்த பழையது. அதன் கைப்பிடியில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அக்கா அடுத்த கற்றையைப் பிரித்தார்.

கிரீமை வெளியே அனுப்பும் முன் முதலாளி கேட்டார். அவர் எப்போதும் கடைசியில் கேட்கிற கேள்விதான். "வாசனையில ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல சார்."

முதல் உற்பத்தி சில பார்லர்களுக்குப் போனது. ஒரு தலைக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரே அயர்னில் அடுத்தடுத்துப் பல தலைகளுக்குப் போட்டால், தகட்டில் அந்தப் பசையின் மிச்சம் படிந்து, பழுப்பாகி, கருக ஆரம்பிக்கும். சூடு பட்டதும் சென்ட் முதலில் பறந்துவிடும், கருகல் மட்டும் நிற்கும். மாலைக்குள் பார்லர் முழுக்க, தீய்ந்த பருப்பு மாதிரி நாற்றம். புகார் ஒன்றாக வந்தது, பிறகு கும்பலாக வந்தது. ஒரு பார்லரில் வாடிக்கையாளர் தன் முடிதான் தீய்கிறது என்று பயந்து பாதியில் எழுந்து ஓடிவிட்டாராம். சரக்கு முழுவதையும் திரும்ப எடுக்கச் சொன்னார் முதலாளி. மறுநாள் காலை தன்னை வந்து பார்க்கச் சொல்லி அவளுக்கு ஆள் அனுப்பினார்.

அன்று சாயங்காலம் பார்லர் அக்கா ஆய்வகத்துக்கு வந்தார். மற்றவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு வாசனை தெரியலையா மேடம்?"

அவள் கையிலிருந்த குவளையைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அது ஏற்கனவே சுத்தமாக இருந்தது.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. போன மாசம் ஒருநாள் வர்ற வழியில எதையோ மிதிச்சுட்டேன். அன்னைக்குச் சளி வேற, எனக்கே தெரியல. வாட்ச்மேன் மூக்கப் பொத்துறாரு, ஆபீஸ் பொண்ணு ஜன்னலத் திறக்குது. நீங்க மட்டும் 'வாங்கக்கா, உக்காருங்க'ன்னு நாற்காலி போட்டு அரை மணி நேரம் பேசிட்டு இருந்தீங்க. வீட்டுக்குப் போய் செருப்பப் பாத்ததும்தான் புரிஞ்சுது. ஒண்ணு இவங்களுக்கு என் மேல ரொம்பப் பிரியம், இல்ல மூக்கு வேலை செய்யல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எங்கேயோ வழியில் அழுகையாகிவிட்டது. குவளையைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையோடு நின்று அழுதாள். அக்கா எழுந்து வரவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த டிஷ்யூ டப்பாவை மேசை மேல் அவள் பக்கமாக நகர்த்தினார்.

"அப்பவே ஏன்க்கா சொல்லல?"

"உங்க விஷயம். நான் எதுக்கு வாயத் திறக்கணும்னு இருந்துட்டேன். அன்னைக்கு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்களே, அப்பவும் சந்தேகந்தான். தப்பு என் மேலயும் இருக்கு."

"உங்க மேல என்ன இருக்கு" என்றாள் அவள். "என் வேலை அது."

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சத்தம் போடுவார் என்று தயாராகப் போயிருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"எவ்வளவு நாளா?"

"வருஷம் ஆகப் போகுது சார்."

"வருஷம்" என்றார். "காலு உடைஞ்சா வந்து சொல்லுவீங்க இல்ல? இதைச் சொல்றதுக்கு என்ன?"

கால் உடைந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், கேட்பார்கள். இதை யாரும் பார்க்கவில்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. கேட்காததை எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"வேலையெல்லாம் போகாது. ஆனா வாசனை பாக்குறது இனிமே அந்த அக்காவே பாக்கட்டும். கிரீமை மறுபடி முதல்ல இருந்து பண்ணுங்க."

மறுபடி பண்ணினாள். இந்தத் தடவை, முன்பு உயிரில்லை என்று ஒதுக்கி வைத்த செல்லுலோஸையே எடுத்தாள். அவசரப்பட்டுத் தண்ணீரில் கொட்டினால் வெளியே வழுவழுப்பு, உள்ளே காய்ந்த மாவு என்று உருண்டை பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நனைய விட்டு, காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் அவளுக்குப் பயிற்சி உண்டு. அது மட்டும் போதாது என்பதால் நேர்மின்னேற்றமுள்ள வேறொரு திக்கனரைச் சிறிதளவு சேர்த்தாள். அது முடியோடு ஒட்டி மென்மையையும் தந்தது, மென்மையாக்கும் பொருளோடும் ஒத்துப்போனது. சீவுகிற மெஷின் முன்பளவுக்குப் புகழவில்லை. கொத்தவரைப் பசையின் வழவழப்பு இதற்கு வராது. அது அவளுக்குக் கடைசிவரை குறையாகவே இருந்தது.

அக்கா ஒரே அயர்னில், துடைக்காமல், கற்றை மேல் கற்றையாக இழுத்துக்கொண்டே இருந்தார். தகட்டைப் பார்க்கிற வேலை அவளுக்கு, முகர்கிற வேலை அக்காவுக்கு.

"இப்ப?"

"ஒண்ணுமில்ல. ஈரத்துணிய இஸ்திரி போடுற மாதிரி. அவ்வளவுதான்."

"கருகல்?"

"இல்ல மேடம். இருந்தா சொல்லுவேன். என் கடையிலதானே நாளைக்கு நாறப் போகுது."

அந்த கிரீம் கடைக்குப் போனது. ஓரளவுக்கு விற்றது. யாரும் புகழவும் இல்லை, எழுந்து ஓடவும் இல்லை.

ஆனால் விஷயம் வெளியே வந்தபின் கம்பெனியில் எல்லோரும் அவளிடம் ரொம்ப நல்லவர்களாகிவிட்டார்கள். புதிதாக ஒரு சென்ட் சாம்பிள் வந்தால், "மேடம், இது மல்லிகை கலந்த மாதிரி இருக்கு" என்று கண் தெரியாதவரிடம் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள். மதியம் யாருடைய சாப்பாடோ மணக்கிறது என்று பேசிக்கொண்டிருப்பார்கள், அவள் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவார்கள். பெயர் வைத்த வாயாடிகூடக் கேலி பண்ணுவதை நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. முன்பு தனியாக இருந்தது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். இப்போது அவள் தனியாக இருப்பதற்கு எல்லோரும் ஒத்துழைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்லர் அக்கா போன் பண்ணினார்.

"வீட்டுலதான் இருக்கீங்களா? இன்னைக்குக் கடை திறந்துதான் இருக்கு, ஆனா மத்தியானம் வரைக்கும் கல்யாணப் பொண்ணு யாரும் இல்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்."

அவள் அவசர அவசரமாக வீட்டைத் துடைத்தாள். தங்கையின் கட்டிலில் கிடந்த துணிகளை அள்ளி அலமாரியில் திணித்தாள். அந்த வீட்டுக்கு ஆள் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள். கேஸ் போட வருகிறவரைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.

அக்கா வந்து உட்காரக்கூட இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

"இதெல்லாம் யார் மோந்து பாக்குறது உங்களுக்கு?"

"தேதி பாத்துத் தூக்கிப் போட்டுடுவேன்."

"தேதிக்கு என்ன தெரியும்" என்றபடி ஒவ்வொன்றாக எடுத்தார். பால், சரி. வெண்ணெய், சரி. ஒரு டப்பாவைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது எப்ப செஞ்சது? வேணாம், சொல்லாதீங்க." அதைக் குப்பையில் கொட்டினார். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை முகர்ந்து அதையும் போட்டார். எண்ணெய் சிக்கெடுத்துவிட்டது என்றார். பிறகு கேட்காமலே படுக்கையறைக்குள் போய்த் தலையணையை எடுத்து முகர்ந்தார்.

"இது நல்லா இருக்கு. சோப்பு வாசனை. சோப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் நிறுத்திவிடக் கூடாதே என்றும் இருந்தது.

"அக்கா, என் மேல ஏதாவது வாசனை வருதா?"

அக்கா கிட்டே வந்து, குழந்தையை முகர்கிற மாதிரி அவள் கழுத்தோரம் முகர்ந்தார். அவளை யாராவது இவ்வளவு பக்கத்தில் வந்து நின்று நாளாகியிருந்தது.

"ஒண்ணும் வரல. ஒரு மனுஷி வாசனையே வரல. இவ்வளவு குளிச்சா தோல் என்னத்துக்கு ஆகும்?"

"வீடு?"

அக்கா ஹாலுக்கு வந்து நடுவில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

"உண்மையச் சொல்லவா?"

"அதுக்குத்தான கேக்குறேன்."

"பூட்டி வச்ச வீட்டு வாசனை. ஊருக்குப் போயிட்டு ரொம்ப நாள் கழிச்சு வந்து கதவத் திறப்போம் பாருங்க, அந்த மாதிரி. நாறல மேடம். ஆள் இல்லாத மாதிரி இருக்கு."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது வருத்தமாக இல்லை. எவ்வளவோ நாளாகத் தனக்கே தெரியாமலிருந்த ஒன்றை ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்றுதான் இருந்தது. இருவரும் காப்பி குடித்தார்கள். அக்கா தன் கணவரைப் பற்றியும், பார்லரில் ஒருத்தி முடியை வெட்டிக்கொண்டுவிட்டுப் பழையபடி ஒட்டச் சொன்னதைப் பற்றியும் விடாமல் பேசினார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடுங்க. மூக்குதானே போச்சு. வாய் இருக்கில்ல."

அன்று சாயங்காலமே தங்கையிடம் சொன்னாள். அவள் எதிர்பார்த்த மாதிரி தங்கை அழவில்லை, டிக்கெட் பார்க்கவில்லை.

"நான் ஒவ்வொரு வாரமும் நல்லா இருந்துச்சான்னு கேட்டேன்" என்றாள். "நீ சூப்பர்னு சொன்ன."

"உனக்காகத்தான்டி சொன்னேன்."

"தெரியும். ஆனா நான் யார்கிட்டக்கா பேசிட்டு இருந்தேன் இவ்வளவு நாளா?"

அதற்கப்புறம் தங்கை முன்னைவிட அடிக்கடி கூப்பிட்டாள். ஆனால் பேச்சில் ஒரு ஜாக்கிரதை வந்துவிட்டது. சமையல் பற்றிக் கேட்பதில்லை. வானிலை, வேலை, மாப்பிள்ளையின் முதுகுவலி என்று பேசினார்கள். பழையபடி ஆக நாளாகும் என்று இருவருக்குமே தெரிந்தது. பார்லர் அக்கா மறுபடி வருவதாகத்தான் சொல்லியிருந்தார். கல்யாண சீசன் தொடங்கிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மூக்கில் ஏதோ வந்தது. முதலில் அது என்ன என்றே புரியவில்லை. பிறகு, வாசனை. ரப்பர் காய்கிற மாதிரி, கூடவே திகட்டுகிற ஓர் இனிப்பு. அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியின் ஒயரைத் தொட்டுப் பார்த்தாள். சுவரில் இருந்த ப்ளக் ஒவ்வொன்றின் அருகிலும் குனிந்து முகர்ந்தாள். எல்லாவற்றிலும் அதே வாசனை. நிஜமாகவே எங்கேயாவது எரிகிறதா, மூக்குதான் எதையோ தவறாகச் சொல்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. அக்காவுக்கு போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. தங்கை இருக்கிற நாட்டில் அது தூங்குகிற நேரம்.

வெளியே வந்து எதிர்வீட்டு மணியை அடித்தாள். அவர்கள் குடிவந்து சில மாதமாகியும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஓர் இளம்பெண் பிழிந்த துணியைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம் எங்க வீட்டுக்கு வந்து, ஏதாவது எரியுற வாசனை வருதான்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

அந்தப் பெண் கேள்வி கேட்காமல் வந்தாள். ஹால், சமையலறை, குளியலறை என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றிவந்தாள்.

"ஒண்ணும் வரலையே ஆன்ட்டி. உங்களுக்கு வருதா?"

"வருது."

"நல்ல வாசனையா, கெட்ட வாசனையா?"

"நல்லா இல்ல" என்றாள் அவள். "ஆனா வருது."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அந்தப் பெண் கொஞ்சம் கவனித்துப் பார்த்தாள். "எங்க வீட்டுக்கு வாங்களேன். அங்கயும் வருதான்னு பாத்துடலாம்" என்றாள்.

போனாள். அங்கேயும் அதே வாசனைதான் வந்தது. ஈரத்துணியிலும், சோபாவிலும், ஜன்னல் வழியே வந்த மழைக்காற்றிலும்கூட. அப்படியென்றால் எங்கேயும் எதுவும் எரியவில்லை. தப்பும் தவறுமாக, தன் மூக்குதான் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் பெண் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, எழுந்து போக வேண்டும் என்று நினைத்தாள். ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.